வாசித்து முடித்த பிறகு

முதலில் வந்தது ஒரு நன்றி.

‘மேடம், நேத்து வாசிப்புல கடைசியில என் பேரைச் சொன்னீங்க பாருங்க, மனசு நிறைஞ்சுபோச்சு. இந்தக் கம்பெனியில என் பேரைத் தப்பில்லாம உச்சரிச்ச மொத ஆள் நீங்கதான்.’

அனுப்பியவர் துறைமுகக் கிளையில் கிரேன் ஓட்டுபவர். பல மாடி உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் நாளெல்லாம் தனியாக உட்கார்ந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்குகிற மனிதர். உங்கள் வாசிப்பைக் காதில் மாட்டிக்கொண்டுதான் பொழுதைத் தள்ளுகிறேன் என்று முன்பே ஒருமுறை எழுதியிருந்தார்.

அவள் யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

பதிவை மறுபடி ஓட்டிக் கேட்டாள். அத்தியாயத்தின் கடைசி வரி வந்தது. ‘இன்றைய வாசிப்பு இத்துடன் முடிகிறது’ என்று அவள் குரல் வந்தது. அதற்குப் பிறகு அந்த அறையின் மௌனம். துணி வாசனை அடிக்கிற, மூச்சைக்கூட உறிஞ்சிக்கொள்கிற, அவளுக்கு நன்றாகப் பழகிய மௌனம். அவ்வளவுதான். வேறு எதையோ கேட்டுவிட்டு இதென்று நினைத்திருப்பார். சந்தோஷப்பட்ட மனுஷரிடம் போய் நான் சொல்லவே இல்லை என்று சொல்வானேன்? ‘நன்றி ஐயா’ என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

அந்த நிறுவனத்தின் நூலகத்துக்குக் கட்டடம் கிடையாது. ஆலைகளிலும் கிடங்குகளிலும் லாரிகளிலும் பரவிக் கிடந்த ஊழியர்கள் எல்லாரும் அலைபேசியைத் திறந்தால் போதும், நூலகம் அங்கேயே இருந்தது. புத்தகம் எடுக்கலாம், தவணை முடிந்தால் அது தானாகத் திரும்பிப் போய்விடும். திரையில் இருக்கிற புத்தகத்துக்கும் வரிசை உண்டு என்பதை மட்டும் யாருக்கும் அவளால் புரியவைக்க முடிந்ததில்லை. ‘கம்ப்யூட்டர்ல இருக்கறதை இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார்னா என்ன மேடம் அர்த்தம்?’ என்று அடிக்கடி யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒரு பிரதிக்கு ஒரு வாசகர்தான், அப்படித்தான் பதிப்பகம் விற்கிறது என்று பொறுமையாகச் சொல்வாள். புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது, வாங்குவது, வகை பிரிப்பது, சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது, எல்லாமே அவள் ஒருத்திதான். வீட்டிலிருந்தே.

எடுக்கத்தான் ஆளில்லை. பயிற்சித் துறையின் தலைவர் ஒரு நாள் வெளிப்படையாகவே சொன்னார். “கோயில் கட்டி என்ன பண்றது, கும்பிட ஆள் வரணும்ல?” நூலகத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. படிக்க நேரமில்லாதவர்களுக்குக் கேட்க நேரம் இருக்கும். தினம் ஓர் அத்தியாயத்தைத் தானே வாசித்துப் பதிவு செய்து ஏற்றினால் என்ன?

பிடித்துக்கொண்டது. லாரி ஓட்டுநர்கள் கேட்டார்கள். மூட்டை கட்டுபவர்கள் கேட்டார்கள். காவலாளிகள், கணக்குப் பிரிவுப் பெண்கள், ஆலை முதலுதவி அறையில் நோயாளி இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும் நர்ஸ், எல்லாரும் கேட்டார்கள். மூட இருந்த நூலகம் பிழைத்தது. “உங்க குரல்ல என்னமோ இருக்கு” என்றார் தலைவர். அதைக் கேட்டு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடம் என்று தனியாக எதுவும் இல்லை. தங்கையின் துணி அறைதான்.

தங்கையை எல்லாரும் குட்டி என்றே கூப்பிட்டார்கள். தலையில் நரை விழுந்த பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. சிறு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகளை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. பேச்சை மட்டும் விட்டுவைத்தது. ஏற்ற இறக்கமில்லாத, எப்போது சத்தம் கூடுகிறது எப்போது குறைகிறது என்று அவளுக்கே தெரியாத தட்டையான பேச்சு. ஆனால் உதடுகளைப் படிப்பதில் குட்டியை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவின் எதிர்ப்புறம் நின்று பேசுகிற இரண்டு பேரின் வம்பை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவாள். அக்கா பேசும்போது கை தவறி வாய்ப்பக்கம் போய்விட்டால் போதும், கையைப் பிடித்து இழுத்து விலக்குவாள். “மூடிட்டுப் பேசாதே.” சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம்.

குட்டி வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். பின்னறையில் துணிக்கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. துணி ஒலியைக் குடித்துவிடும். அதனால் அங்கே ஒரு முக்காலியும் மைக்கும் போட்டு அவள் வாசிப்பாள். கதவின் மேல்பாதி கண்ணாடி. வெளியே கூடத்தில் குட்டி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையில் பொத்தான் வேலையோடு கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். தனக்குக் கேட்காத சத்தத்தை அக்காவுக்காக அடக்கிவைப்பதில் அவளுக்கு ஒரு கர்வம். வாசலில் யாராவது மணி அடித்தால் கூடத்துச் சுவரில் ஒரு சிவப்பு பல்ப் எரியும். எழுந்து போய், விரலை உதட்டில் வைத்து வந்தவரை நிற்கச் சொல்வாள்.

அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஒரே குறை டீ ஆறிப்போவதுதான். டீயைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போவாள். ஓர் அத்தியாயம், அவ்வளவே. முடித்துவிட்டு வெளியே வந்தால் டீ ஜில்லென்று இருக்கும், மேலே ஆடை சுருங்கிக் கிடக்கும், ஜன்னலில் இருந்த வெயில் எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டிப் போயிருக்கும்.

“சாயங்காலம் எங்கடி போச்சு?” என்பாள்.

“நீதான் உள்ளயே உக்காந்துட்டே” என்பாள் குட்டி, நூலைப் பல்லில் கடித்தபடி.

வயது ஆகிறது, வாசிப்பில் மூழ்கினால் நேரம் போவது தெரிவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு நன்றிகள் சேர ஆரம்பித்தன.

முதலுதவி நர்ஸ் எழுதியிருந்தாள்: ‘என் பேரைச் சொன்னது எனக்கே எனக்குன்னு பேசின மாதிரி இருந்துச்சு அக்கா.’ ஒரு லாரி ஓட்டுநர்: ‘சொன்னபடியே செஞ்சுட்டேன் மேடம்.’ என்ன சொன்னபடி? கிடங்குக் காவலாளி ஒருவர் கும்பிடும் கைகளின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார். எல்லாருமே ஒரே பதிவைக் கேட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் கேட்டிருக்கிறது. தலைவர் கூப்பிட்டுப் பாராட்டினார். “ஆளுக்கொரு பேரு வர்ற மாதிரி பண்ணியிருக்கீங்களாமே, எங்க வாங்கினீங்க அந்த சாஃப்ட்வேரை? என்கிட்ட பில்லு வரலையே.” அவள் சிரித்து மழுப்பினாள்.

கணினிப் பிரிவில் அவளுக்குப் பழக்கமானவர் ஒருவர்தான். நிறுவனம் முழுக்க அவரை சர்வர்காரர் என்று சொல்வார்கள். ‘தட்டு எடுக்கற சர்வர் இல்லீங்க, இது வேற’ என்று புதியவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். அவரைக் கூப்பிட்டாள்.

“ஆளுக்கொரு பேரு வர்ற மாதிரி நீங்க ஏதாவது செஞ்சீங்களா?”

“நான் எங்க மேடம் செஞ்சேன்? ஒரே ஃபைல்தான். ஒரே கிணறு, எல்லாரும் அதுலதான் மொள்றாங்க.”

“நீங்க கேட்டிருக்கீங்களா?”

“எனக்குப் புத்தகம்னாலே தூக்கம் வந்துரும் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இப்பக் கேளுங்க. கடைசியை மட்டும். போனை வைக்காம கேளுங்க.”

அவருடைய அறையிலிருந்து அவளுடைய குரல் சின்னதாக, தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது. கடைசி வரி. இன்றைய வாசிப்பு இத்துடன் முடிகிறது. பிறகு ஒன்றுமில்லை. ஏசியின் உறுமல். அவருடைய நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். காத்திருந்தாள்.

“மேடம்.” குரலில் சிரிப்பு இல்லை. “என் பேரு வந்துச்சு.”

“என்ன சொன்னேன்?”

“முழுப் பேரு. எங்கம்மா கோவம் வந்தா மட்டும் கூப்பிடற பேரு. சொல்லிட்டு, ‘கதவைத் திறந்து வைங்க’ன்னு சொன்னீங்க.”

“எனக்கு ஒண்ணுமே கேக்கலையே.”

“அதான் மேடம் எனக்குப் புரியலை” என்றார் அவர் மெதுவாக. “இப்பவும் ஓடிட்டுதான் இருக்கு. இப்பவும் சொல்லிட்டேதான் இருக்கீங்க.”

அவள் காதில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே, அன்று வாசிப்பதில்லை என்று முடிவு செய்தாள். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு, ஊழியர் பட்டியலில் தேடி கிரேன் ஓட்டுபவரின் எண்ணைக் கண்டுபிடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். காற்று பலமாக இரைந்தது. வெளியே நின்று பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

“வெளிய இல்லைங்க மேடம், மேல கூண்டுலதான் இருக்கேன். கதவு திறந்திருக்குல்ல, அதான் காத்து.”

“எதுக்குக் கதவைத் திறந்தீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க? இந்த உயரத்துல திறக்கக் கூடாதும்பாங்க. நீங்க சொன்னதால திறந்தேன்.”

“ஐயா, நான் சொல்லலை. தயவு பண்ணி மூடிடுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். வீட்டில் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது அடுக்களைப் பக்கம் வந்து பேசுவார்களே, அப்படி. “இப்ப மூடினா நல்லா இருக்காது மேடம். வந்தவங்க உக்காந்திருக்காங்க.”

“யாரு வந்திருக்கா?”

“தெரியலை. நீங்க அனுப்பினவங்கதானே? கூண்டுல ஒரு ஆளுக்குத்தான் இடம். ஒண்டிக்கிட்டு இருக்கோம்.” காற்று இரைந்தது. “ஒரு தொந்தரவும் இல்லை. சத்தமே வராது. வாயை மட்டும் அசைப்பாங்க. என்னமோ கேக்கறாங்க மேடம், விடாம கேக்கறாங்க. என்னன்னுதான் எனக்குப் புரியலை.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நீங்க சொன்னீங்களே” என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. “உங்க வீட்ல உதட்டைப் பார்த்தே படிக்கறவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு. நான் இவங்ககிட்ட அதைச் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டாங்க போலிருக்கு. எல்லாரும் தலையாட்டினாங்க.”

குட்டியைப் பற்றி அவள் அலுவலகத்தில் யாரிடமும் பேசியதில்லை. ஒரே ஓர் ஆளிடம்கூட.

போனை வைத்துவிட்டு சர்வர்காரரைக் கூப்பிட்டாள். எல்லாப் பதிவுகளையும் எடுத்துவிடச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தட்டச்சு சத்தம் கேட்டது. “எடுத்தாச்சு மேடம். நூலகத்துல இப்ப ஒண்ணும் இல்லை. ஆனா ஆளாளுக்கு போன்ல அனுப்பிக்கிட்டிருக்காங்க. வீட்டுக்காரங்களுக்கு, சொந்தக்காரங்களுக்கு. அதை நான் எப்படிப் பிடிக்கறது? கொட்டின தண்ணி மாதிரி.” தட்டச்சு நின்றது. “இன்னிக்கு நான் வீட்லதான். எங்க வீட்டுக் கதவும் திறந்துதான் இருக்கு மேடம். மூடலாம்னு போறேன். தாழ்ப்பாள்ல கை வச்சா மனசு வரமாட்டேங்குது.”

“இப்பவே போய் மூடுங்க.”

“சரி மேடம்” என்றார். எழுந்து போகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

வானம் அன்று காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. பகல் என்று சொல்ல முடியாத ஒரு பழுப்பு வெளிச்சம் கூடத்தில் பரவியிருந்தது. துணியின் கஞ்சி வாசனையும் இயந்திர எண்ணெய் வாசனையும் ஈரக் காற்றில் கனத்து, தரையோடு தரையாகப் படிந்திருந்தன. குட்டி ஜன்னலோரம் ஒரு சட்டைக் கழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் போய் எதிரே உட்கார்ந்தாள். தங்கையின் முழங்காலைத் தொட்டு, தன் முகத்தைப் பார்க்க வைத்தாள்.

“குட்டி, நான் உள்ள வாசிக்கறப்ப நீ என்னைப் பார்த்துட்டே இருப்பேல்ல?”

“பார்ப்பேன். எனக்கு அதான் கதை.” குட்டி சிரித்தாள். “நீ வாசிக்கறது எல்லாம் எனக்குத் தெரியும். நானும் உன் நூலகத்துல மெம்பர்தான்.”

“முடிச்சதும் நான் என்ன பண்ணுவேன்?”

குட்டியின் கை நின்றது. இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள்.

“பேரு சொல்லுவே.”

“நான் வாயை மூடிடுவேன் குட்டி. மைக்கை அணைச்சுட்டு எழுந்துருவேன்.”

“இல்லைக்கா.” சத்தம் சட்டென்று உயர்ந்தது. அவளுக்குத் தெரியவில்லை. “நீ அப்படியே உக்காந்திருப்பே. கண்ணு மைக்கைப் பார்த்துட்டிருக்கும். பேரு பேரா சொல்லுவே. ரொம்ப நேரம். ஒவ்வொரு பேருக்கும் கதவைத் திற, கதவைத் திறன்னுவே. வெளிச்சம் போற வரைக்கும். உன் ஆபீஸ் வேலைன்னு நெனச்சேன். வருகைப்பதிவு மாதிரி.”

டீ. ஆடை சுருங்கிய டீ. தாண்டிப் போன வெயில்.

“ஏன்டி சொல்லலை?”

“நீ கேக்கலையே.”

எதிரே ஜன்னல் கண்ணாடியில் தூறல் ஒட்டத் தொடங்கியது. அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டாள்.

“கடைசியா வாசிச்ச அன்னிக்கு யாரு பேரைச் சொன்னேன்?”

குட்டி சட்டையை மடியில் வைத்தாள். முகத்தில் ஒரு கூச்சம் வந்தது, பரிசு வாங்கக் கூப்பிட்ட பிள்ளைக்கு வருவது போல.

“என் பேரு. குட்டி இல்லை. பள்ளிக்கூடத்துல போட்ட பேரு. இப்ப யாருமே கூப்பிடாத பேரு. அதை மட்டும்தான் சொன்னே. திரும்பத் திரும்ப. என்னைப் பார்த்தே சொன்னே.”

அவள் எழுந்தாள். துணி அறைக்குள் போய் மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள், சுருட்டினாள், ஒரு பையில் போட்டு முடிந்து துணிக்கட்டுகளுக்குப் பின்னால் திணித்தாள். வாசல் கதவைத் தாழிட்டாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். சாவியைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகினாள். குட்டி பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரு வந்தாலும் திறக்காதே. நான் சொன்னாலும் திறக்காதே. புரியுதா? நான் சொன்னாலும்.”

“நீ சொன்னா எப்படித் திறக்காம இருப்பேன்?”

“இருடி. இன்னிக்கு மட்டும்.”

குட்டி தலையாட்டினாள். ஆனால் அவள் பார்வை அக்காவின் கண்ணில் இல்லை. எப்போதும்போல உதட்டில் இருந்தது.

சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. மழை வலுத்தது, ஓய்ந்தது, மறுபடி பிடித்தது. நூலகத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் கேட்டு யாரும் எழுதவில்லை. வரிசையில் நின்றவர்கள்கூட ஒவ்வொருவராக விலகிவிட்டிருந்தார்கள். இத்தனை பெரிய நிறுவனத்தில், ஷிப்டு மாறுகிற நேரத்தில், ஒருவர்கூட நூலகத்தில் இல்லை. ஆளில்லாத வீட்டின் விளக்கை எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. சர்வர்காரருக்குப் போன் போட்டாள். எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. ஆனால் எடுத்த இடம் காலியாகவும் இல்லை. அடைத்துக் கிடந்தது அந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத அறையில் நெருக்கியடித்து நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல. வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சிவப்பு பல்ப் எரிந்தது.

மணியடித்தால் எரியும், விட்டால் அணையும். இது அணையவில்லை. மணிச் சத்தமும் வரவில்லை. வாசலில் யாரோ பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுக்க மறந்தது போல, கூடத்துச் சுவர் முழுக்கச் சிவப்பாக நின்றது.

குட்டி எழுந்தாள்.

அவள் பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள். வேண்டாம் என்று கையாட்டினாள். குட்டி நின்றாள். நின்று, முகத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“என்னக்கா சொல்றே? ஒரு பக்கம் வேண்டாம்னு கையாட்டறே, இன்னொரு பக்கம் வாய் வேற சொல்லுது.”

தான் எதுவும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். தொண்டையில் ஒலி இல்லை. மூச்சுகூட இல்லை. கையை எடுத்து வாயில் வைத்தாள்.

உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

நிதானமாக. அவசரமே இல்லாமல். வாசிக்கும்போது அசைவதுபோல. அழுத்திப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். பல்லைக் கடிக்கப் பார்த்தாள், தாடை கேட்கவில்லை. விரல்களுக்கு இடையில், ஈரமாக, ஒரு சொல். மறுபடி அதே சொல். அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு உதடு படிக்கத் தெரியாது, தன்னுடையதைக்கூட.

குட்டி கிட்டே வந்தாள். அக்கா அழுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் இளகியது. சின்ன வயதிலிருந்து செய்கிற அதையே செய்தாள். இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மெல்ல விலக்கினாள்.

“மூடிட்டுப் பேசாதே.”

பார்த்தாள். படித்தாள்.

“சரி” என்றாள்.

அக்காவின் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். திரும்பினாள்.

முதுகு காட்டிவிட்ட குட்டியைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரு வழியும் கிடையாது. தொட வேண்டும். தொட்டால்தான். அவள் கையை நீட்டினாள். தங்கையின் தோள் நாலடி தூரத்தில் இருந்தது.

ஓர் இமைப்பு.

கண் திறந்தபோது முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

துணி அறை. எதிரே மைக் இல்லாத வெறும் இடம். தொண்டை வறண்டு ரணமாக இருந்தது, நாள் முழுக்கக் கத்தியவளுக்குப் போல. கண்ணாடிக்கு அப்பால் கூடம் இருண்டிருந்தது. சிவப்பு இல்லை. மழையின் சத்தம் சுவருக்கு வெளியே இல்லாமல் வீட்டுக்குள் கேட்டது. ஈரக் காற்று கதவிடுக்கு வழியே வந்து அவள் பாதத்தைத் தொட்டது.

எழுந்து கதவைத் திறந்தாள்.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. தெருவிளக்கின் மங்கல் உள்ளே சாய்ந்து விழுந்தது. குட்டி நிலையோரமாக நின்றிருந்தாள். தலையை அண்ணாந்து, நிலையின் மேல்சட்டம் இருக்கிற உயரத்தில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரும் இல்லை. மழை மட்டும்.

குட்டியின் கண்கள் அசைந்தன. இடமிருந்து வலமாக. பிறகு கொஞ்சம் கீழே. பிறகு இன்னும் கீழே, அவள் முழங்கால் உயரத்துக்கு.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றாள் குட்டி, சத்தமாக, தட்டையாக. வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே மரியாதை. “எல்லாரும் சேர்ந்து வாயை அசைச்சா எனக்கு எப்படிப் புரியும்?”

அவள் போய்த் தங்கையின் தோளைத் தொட்டாள். குட்டி திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. யாருக்கும் புரியாத ஒன்று தனக்கு மட்டும் புரிந்துவிட்ட சின்னப் பெருமிதம்தான் இருந்தது.

“பாவம்க்கா. ரொம்ப நாளா எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்காங்களாம். யாருமே பதில் சொல்லலையாம்.”

“என்ன கேக்கறாங்க?”

குரல் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. குட்டி உதட்டைப் படித்துவிட்டாள்.

“இடம் இருக்கான்னு.”

மழை.

“இருக்குன்னு சொல்லிட்டேன்.”

குட்டி பின்வாங்கி, முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட்டாள். வாசலில் ஒன்றும் நுழையவில்லை. குட்டியின் புடவைக் கொசுவம் மட்டும் ஒருமுறை உள்பக்கமாக அசைந்து நின்றது. மறுபடி அசைந்தது. மறுபடி.

அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலி அறை எப்படி ஒலிக்கும், ஆள் நிறைந்த அறை எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினம் பதிவு செய்து பழகிய காது. மழையின் இரைச்சல் கூடத்தில் எதிரொலித்துக்கொண்டிருந்தது. இப்போது எதிரொலி சுருங்கியது. ஜன்னல் பக்கத்து மூலை ஊமையானது. தையல் இயந்திரத்தைச் சுற்றி ஊமையானது. துணி அறை வாசல். அவளுக்கு இடப்பக்கம். வலப்பக்கம். தன் மூச்சு முகத்துக்கு முன்னால் எதிலோ முட்டி, வெதுவெதுப்பாகத் தன்மேலேயே திரும்பி வந்தது. பின்னங்கழுத்தில் இன்னொன்று முட்டியது. அது அவள் மூச்சு இல்லை.

கையை அசைக்க இடமில்லை.

சுவரோடு ஒட்டி நின்ற குட்டி, இருண்ட தெருவையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்து, நெரிசலில் நிற்கிறவர்களிடம் சொல்வதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. பின்னாடி தெரு முழுக்க நிக்கறாங்க.”